சேராங்கொட்டையும் ஜீவ எழுத்தும்

என் பாட்டனார் உடுத்திய வேஷ்டி ஒன்று எங்கள் வீட்டுப் பெட்டியில் இன்னும் இருக்கிறது. துணி நைந்துவிட்டது, கரையின் சாயமும் வெளுத்துப் போயிற்று. ஆனால் அதன் மூலையிலே, உள்மடிப்பில், ஒரு கோடும் மூன்று புள்ளிகளுமாக உள்ள கறுப்புக் குறி மட்டும் நேற்று இட்டதுபோல் இருக்கிறது. அந்நாளில் எங்கள் தெருவுக்குத் துணி வெளுத்த பெரியவர், சேராங்கொட்டைச் சாற்றில் சுண்ணாம்பு கூட்டி இட்ட குறி அது. வண்ணான்குறி என்று ஊரார் வழங்குவது இதைத்தான். ஐம்பது வீட்டுத் துணிகளை ஒரே வெள்ளாவியில் வைத்து, ஒரே துறையில் அலசி, ஒரே மணலில் உலர்த்தினாலும், மாலையில் இன்னார் துணி இன்னார் வீட்டுக்குத் தப்பாமல் போய்ச் சேர்வதற்கு அந்தச் சிறு குறியே ஆதாரம்.

யோசித்துப் பார்த்தால், நல்ல குறிக்கு நான்கு இலட்சணங்கள் வேண்டும் என்பது விளங்கும். வெள்ளாவியில் வெந்தாலும் அது அழியக் கூடாது. உடுத்துகிறவருக்கு இடைஞ்சல் இல்லாத மூலையில் அது இருக்க வேண்டும். வேண்டியபோது இட்டவர் கண்ணுக்கு அது பளிச்சென்று தெரிய வேண்டும். கடைசியாக, யாருக்கும் அது தீங்கு செய்யக் கூடாது. சேராங்கொட்டை முதல் மூன்று பரீட்சைகளிலும் தேறிவிடும், நான்காவதில் தோற்றுப்போகும். அதன் பால் மேலே பட்டால் தோல் வெந்து கொப்புளிக்கும். குறி இடுகிறவருடைய விரல்களே அதற்குச் சாட்சி.

விஞ்ஞானப் பகுதியில் வேஷ்டி எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. சென்ற மாதம் என் வகுப்பில் நான் ஒரு தவறு செய்தேன். அந்தத் தவற்றைத் திருத்திக்கொள்ளப் புறப்பட்டபோதுதான் இந்த வேஷ்டி எனக்கு வழி காட்டிற்று.

பன்னிரண்டாம் வகுப்பில் பரம்பரைக் குணங்களைப் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. நம் உடலின் ஏறக்குறைய ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை இருப்பதையும், அதில் நான்கே வகை எழுத்துக்கள் மாறி மாறிக் கோவையாக நிற்பதையும், மனிதனுடைய முழுக் கோவை சுமார் 300 கோடி எழுத்துக்கள் கொண்டது என்பதையும் சொல்லிக்கொண்டு வந்தேன். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “ஸார், அந்த எழுத்துக்களை எதைக் கொண்டு பார்க்கிறார்கள்?” என்று கேட்டாள். நான் சற்றும் தயங்காமல், “மிகவும் சக்தி வாய்ந்த பூதக்கண்ணாடியைக் கொண்டு” என்று சொல்லிவிட்டேன்.

அவள் உட்காரவில்லை. “வெளிச்சத்தின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவற்றை வெளிச்சத்தால் பிரித்துப் பார்க்க முடியாது என்று பௌதிக வகுப்பில் சொன்னார்களே, ஸார்?” என்றாள்.

வகுப்பு நிசப்தமாயிற்று. அவள் சொன்னது முழுவதும் சரி. கோவையில் ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் உள்ள தூரம் ஒரு மீட்டரில் 100 கோடியில் ஒரு பங்கிலும் குறைவு, 0.34 நானோமீட்டர் என்பது கணக்கு. நம் கண் காணும் ஒளியின் அலைநீளமோ 400 நானோமீட்டர் முதல் 700 வரை. ஓர் அலையின் நீளத்துக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட எழுத்துக்கள் அடங்கிவிடும். உலக்கையால் ஊசித் துளையைத் தடவிப் பார்ப்பது போன்ற காரியத்தைச் செய்வதாக நான் கதை சொல்லியிருக்கிறேன்! “நாளை சொல்கிறேன், அம்மா” என்று தப்பித்துக்கொண்டேன்.

மாலையில் அவள் தனியாக வந்து கேட்டதன் காரணத்தைச் சொன்னாள். அவள் தம்பிக்குப் பிறந்தது முதல் உடல் நலம் இல்லை. பெரிய ஊரில் வைத்தியர்கள் குழந்தையின் இரத்தத்தையும் பெற்றோருடைய இரத்தத்தையும் எடுத்துச் சோதித்து ஒரு காகிதம் அனுப்பியிருந்தார்கள். குழந்தையின் ஜீவ எழுத்துக்களில் ஓரிடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. தாயிடமும் தகப்பனிடமும் அந்த மாற்றம் இல்லை. அது குழந்தையிடம் புதிதாகத் தோன்றியது என்பது அதன் சாரம். வீட்டில் பெரியவர்களோ, அவள் தாயார் கர்ப்ப காலத்தில் கிரகணத்தன்று வெளியே வந்ததுதான் காரணம் என்று ஐந்து வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். “அந்தக் காகிதத்தை நம்பலாமா என்று அப்பா கேட்கிறார். கண்ணால் பார்த்தவர் யார் என்கிறார்” என்றாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பூதக்கண்ணாடி என்று சொல்லி ஒரு வகுப்பை ஏமாற்றலாம். ஆனால் ஒரு தாயாரின் பெயரல்லவா அந்த எழுத்தைச் சார்ந்து நிற்கிறது? புத்தகங்களைத் தேடிப் படிக்கலானேன். படித்ததன் சாரத்தையே இந்த வாரம் வாசகர்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ஒரு வாக்கியத்தில் சொன்னால், அந்த எழுத்துக்களை யாரும் பார்ப்பதில்லை. அவற்றுக்குக் குறி இடுகிறார்கள்; குறியைத்தான் பார்க்கிறார்கள். துணிக்குவியலில் வேஷ்டியைத் தேடாமல் மூலைக் குறியைத் தேடுகிற அதே உபாயம்.

முதலில், எழுத்து என்று நான் சொல்வது இன்னதென்று தெரிந்துகொள்வோம். விஞ்ஞானிகள் அதை நியூக்ளியோடைடு என்பார்கள். அதற்கு மூன்று உறுப்புக்கள் உண்டு: நடுவில் ஒரு சர்க்கரை, ஒரு புறத்தில் பாஸ்பேட்டு, மறு புறத்தில் காரம். எழுத்துக்கு எழுத்து வேறுபடுவது காரம் ஒன்றுதான். அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்று நான்கு காரங்கள். ஓர் இழையின் அடினைன் எதிர் இழையின் தைமினோடும், குவானைன் சைட்டோசினோடும் கைகோக்கும், ஜோடி மாறுவதில்லை. பழைய இழையைப் பார்த்து, ஜோடி தவறாமல் எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கோத்துப் புதிய இழை கட்டுவது பாலிமரேஸ் என்னும் நொதி. பூக்காரி மாலை தொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூவின் காம்பைப் பற்றி முடி போட்டு, அடுத்த பூவை வைத்து, மறுபடி முடி போடுவாள். பாலிமரேஸின் வேலையும் அதுவே. சர்க்கரையில் உள்ள ஒரு கொக்கியில் அடுத்த எழுத்தின் பாஸ்பேட்டை மாட்டும்.

இந்தப் பூக்களுக்குக் குறி இட்ட கதை கதிரியக்கத்தில் தொடங்குகிறது. ஹங்கேரி தேசத்தவரான ஹெவெஸி 1923-ல் கதிரியக்கமுள்ள ஈயத்தை அவரை இனச் செடிக்கு நீரோடு கொடுத்து, அது வேரிலிருந்து எங்கெங்கே போகிறது என்று கண்டறிந்தார். கதிரை வீசும் அணுவும் சாதாரண அணுவும் ரசாயனத்தில் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். செடிக்கு வித்தியாசம் தெரியாது, அளக்கும் கருவிக்கு மட்டும் தெரியும். இதற்காக 1943-ஆம் ஆண்டின் ரசாயன நோபெல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது.

1952-ல் அமெரிக்காவில் ஹெர்ஷீ, மார்த்தா சேஸ் இருவரும் இதே உபாயத்தைக் கொண்டு, பரம்பரைச் செய்தியைத் தாங்குவது எது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்று உண்டு. அதன் மேற்சட்டை புரதம், உள்ளே டி.என்.ஏ. புரதத்தில் கந்தகம் உண்டு, பாஸ்பரஸ் இல்லை, டி.என்.ஏ.யில் பாஸ்பரஸ் உண்டு, கந்தகம் இல்லை. ஆகவே ஒன்றுக்குக் கதிரியக்கக் கந்தகத்தாலும் மற்றொன்றுக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸாலும் குறி இட்டார்கள். வைரஸ் பாக்டீரியாவைத் தொற்றிய பிறகு, சமையலறைக் கலவை யந்திரத்தில் இட்டுச் சுழற்றி, வெளியே ஒட்டியிருந்ததை உதிர்த்தார்கள். கந்தகக் குறியில் பெரும்பகுதி வெளியே நின்றுவிட்டது. பாஸ்பரஸ் குறியில் பெரும்பகுதி உள்ளே போயிருந்தது. மரபுச் செய்தியை எடுத்துச் செல்வது டி.என்.ஏ.யே என்று பலரும் ஒப்புக்கொள்ள இந்தப் பரிசோதனை பெருங்காரணமாயிற்று.

அதன் பின் எழுத்து வரிசையையே படிக்கும் முறையை ஸாங்கர் என்னும் ஆங்கிலேய ரசாயனி 1977-ல் வெளியிட்டார். அவர் செய்த தந்திரம் மிக அழகானது. கொக்கி இல்லாத எழுத்துக்களைச் செய்து, நல்ல எழுத்துக்களோடு சிறிதளவு கலந்தார். மாலை தொடுக்கும்போது கொக்கியில்லாத பூ வந்து மாட்டிக்கொண்டால் மாலை அங்கேயே நின்றுவிடும். நான்கு எழுத்துக்கும் நான்கு குழாய். ஒவ்வொரு குழாயிலும், அந்த எழுத்து வரும் இடங்களிலெல்லாம் அறுந்து நின்ற வெவ்வேறு நீளமுள்ள இழைகள் சேரும். அவற்றை மெல்லிய பசைப் பலகையில் மின்சாரத்தால் ஓடவிட்டால் குட்டையானது முன்னும் நெட்டையானது பின்னுமாகப் பிரியும். இழைகளில் பாஸ்பரஸ் குறி இருப்பதால், எக்ஸ்-ரே படத்தாளை மேலே வைத்தால் ஏணிப்படிகளைப் போலக் கோடுகள் விழும். கீழ்ப்படியிலிருந்து மேலே படித்துக்கொண்டு போகவேண்டியதுதான். 1958-ல் ஒரு நோபெல் பரிசு பெற்றிருந்த ஸாங்கருக்கு 1980-ல் இரண்டாவது பரிசும் கிடைத்தது.

கதிரியக்கக் குறியின் பெருமை, அது எழுத்தின் உருவத்தை அணுவளவும் மாற்றாது என்பதே. ஆனால் சேராங்கொட்டையின் குற்றம் அதற்கும் உண்டு. இடுகிறவனைச் சுடும். பாஸ்பரஸ்-32 என்னும் அணுவோடு வேலை செய்கிறவர்கள் தடித்த கண்ணாடி போன்ற அக்ரிலிக் பலகைக்குப் பின்னால் நின்று, விரலில் கதிர் அளவிடும் மோதிரம் அணிந்து வேலை செய்ய வேண்டும். அதன் வலிமை சுமார் 14 நாளுக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். இன்று இட்ட குறி இரண்டு மாதத்தில் பதினாறில் ஒரு பங்குதான் இருக்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக, கதிருக்கு நிறம் இல்லை. நான்கு எழுத்துக்கும் ஒரே கறுப்புக் கோடு; அதனால்தான் நான்கு குழாய் வேண்டியிருந்தது.

சுடாத குறி, மங்காத குறி, நிறமுள்ள குறி வேண்டும் என்று ரசாயனிகள் ஏங்கினார்கள். ஆனால் பெரிய சங்கடம் ஒன்று எதிர்நின்றது. கதிரியக்க அணு பழைய அணுவின் இடத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். சாயமோ எழுத்தின் அளவுக்கே பெரிய உருப்படி. அதை எங்கே கட்டுவது? கைகோக்கும் புறத்தில் கட்டினால் ஜோடி சேராது. கொக்கியில் கட்டினால் அடுத்த எழுத்து மாட்டாது. பாலிமரேஸ் பிடிக்கும் இடத்தில் கட்டினால் அது தூக்கி எறிந்துவிடும்.

இதற்கு விடை 1981-ல் அமெரிக்காவின் யேல் ஸர்வகலாசாலையிலிருந்து வந்தது. லாங்கர், வால்ட்ராப், வார்டு என்ற மூவர் அதை வெளியிட்டனர். தைமின், சைட்டோசின் போன்ற காரங்கள் ஆறு மூலை கொண்ட வளையங்கள். முதல் மூலையில் சர்க்கரை கட்டியிருக்கிறது. இரண்டு, மூன்று, நான்காம் மூலைகளின் பக்கம் எதிர் எழுத்தோடு கைகோக்கும் பக்கம். மிஞ்சியிருப்பவற்றில் ஐந்தாவது மூலை, இரட்டை இழை முறுக்கிக்கொண்ட பிறகும் அதன் அகன்ற பள்ளத்தின் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருக்கும். வேஷ்டியின் உள்மடிப்பு மூலையைப் போல, யாருக்கும் இடைஞ்சலில்லாத இடம் அது. அங்கே கட்டினார்கள்.

கட்டிய விதமும் ரசமானது. ஐந்தாவது மூலையில் உள்ள ஹைட்ரஜன் எளிதில் இடம் விடாது. முதலில் பாதரச உப்பைக் கொண்டு அந்த மூலையில் பாதரசத்தை ஒட்டினார்கள். பிறகு பல்லேடியம் என்னும் உலோகத்தின் துணையால் பாதரசத்தை விலக்கி, நுனியில் அமீன் உள்ள ஒரு சிறு காம்பை அங்கே நட்டார்கள். அந்தக் காம்பின் நுனியில் பயோட்டின் என்னும் வைட்டமினைக் கட்டினார்கள். காம்பு இருப்பதனால் குறி எழுத்தின் மேல் சாய்ந்து விழாமல் சற்று எட்டி நிற்கும். பாலிமரேஸ் இந்தப் பூவைச் சாதாரணப் பூவாகவே எண்ணித் தொடுத்துவிட்டது!

பயோட்டினுக்கு ஒளி இல்லையே என்று கேட்கலாம். கோழிமுட்டையின் வெள்ளைக் கருவில் அவிடின் என்ற புரதம் இருக்கிறது. பச்சை முட்டை வெள்ளையை மிகுதியாகத் தின்ற பிராணிகளுக்குப் பயோட்டின் குறைவால் நோய் வருவது இதனால்தான். அவிடின் அந்த வைட்டமினைக் கவ்விக்கொண்டு விடாது. இயற்கையில் நாம் அறிந்த பிடிகளில் இதற்கு ஈடானவை அரிது. ஆகவே அவிடினில் ஒளிரும் சாயத்தைக் கட்டி அனுப்பினால் அது பயோட்டினைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொண்டு, குறி இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுக்கும். கதிர் வேண்டாம், மோதிரமும் வேண்டாம்.

அடுத்து நிறங்கள் வந்தன. 1986-ல் காலிபோர்னியாவில் ஸ்மித், ஹூட் முதலியோர் நான்கு எழுத்துக்கு நான்கு நிறச் சாயங்களைக் கொண்டு, யந்திரமே படிக்கும் முறையை வெளியிட்டனர். அவர்கள் சாயத்தை இழையின் தொடக்கத்தில் கட்டினார்கள். 1987-ல் டூபாண்ட் கம்பெனியின் விஞ்ஞானிகள், கொக்கியில்லாத அந்தக் கடைசி எழுத்திலேயே சாயத்தைக் கட்டினார்கள். அடினைனுக்கும் குவானைனுக்கும் வளைய அமைப்பு வேறு. ஆகவே அவற்றின் ஏழாவது இடத்தில் உள்ள நைட்ரஜனை எடுத்துவிட்டுக் கரியணுவை வைத்து, அதில் காம்பை நட்டார்கள். அந்த இடமும் அகன்ற பள்ளத்தையே நோக்கியிருக்கிறது. நான்கு குழாய் ஒரு குழாயாயிற்று. படத்தாளும் இருட்டறையும் போய், ஒளிக்கற்றையின் முன் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின.

இத்தனைக்கும் பிறகும் ஒரு குறை நின்றது. சாயம் கட்டிய எழுத்து மாலையை முடித்துவிடுகிறது. ஒவ்வோர் எழுத்தையும் அறிய ஓர் அறுந்த மாலை வேண்டும். மாலை அறாமலே, தொடுக்கத் தொடுக்கவே படிக்க முடியாதா?

இந்தக் கேள்வியைக் கேம்பிரிட்ஜ் ஸர்வகலாசாலையின் ரசாயனிகளான சங்கர் பாலசுப்பிரமணியன், டேவிட் கிளெனர்மன் இருவரும் எடுத்துக்கொண்டார்கள். 1997-ல் அவ்வூர்ப் பாண்டன் ஆர்ம்ஸ் என்னும் மதுச்சாலையில் உட்கார்ந்து பேசியபோது யோசனை உருவாயிற்று என்பது பிரசித்தம். மதுவிலக்கு அன்பர்கள் மன்னிப்பார்களாக! 1998-ல் ஸொலெக்ஸா என்ற கம்பெனி எழுந்தது. 2007-ல் அதை இல்லுமினா என்னும் அமெரிக்கக் கம்பெனி வாங்கிக்கொண்டது.

அவர்கள் முறையில் எழுத்துக்கு இரண்டு வேலைப்பாடுகள். காம்பின் நுனியில் சாயம் என்பது ஒன்று. கொக்கியை அடியோடு நீக்காமல், அதன் மேல் அஸிடோமீதைல் என்னும் சிறு மூடியை மாட்டியிருப்பது மற்றொன்று. மூடி இருக்கும் வரை அடுத்த எழுத்து மாட்டாது. ஆகவே ஒரு சுற்றில் ஓர் எழுத்துத்தான் ஏறும். உடனே ஒளி பாய்ச்சி நிறத்தைப் படம் பிடிப்பார்கள். பிறகு பாஸ்பீன் இனத்தைச் சேர்ந்த ஒரு திரவியத்தைக் கழுவிவிட்டால், அது சாயத்தின் காம்பையும் அறுக்கும். கொக்கியின் மூடியையும் கழற்றும். அடுத்த சுற்று தொடங்கும். அஸைடும் பாஸ்பீனும் சேர்ந்தால் நடக்கும் இந்த வினையை ஸ்டாடிங்கர், மேயர் என்ற இருவர் 1919-லேயே கண்டிருந்தார்கள். அப்போது டி.என்.ஏ.யின் எழுத்தைப் பற்றி யார் கனவு கண்டார்கள்? ஏட்டில் உறங்கிய வினை எண்பது வருஷம் கழித்து வேலைக்கு வந்தது.

என் மாணவியின் கேள்விக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் நெருங்கி நிற்கும் எழுத்துக்களை ஒளியால் பிரித்துப் பார்க்க முடியாது, மெய்தான். ஆனால் அவற்றை ஒரே சமயத்தில் பார்க்க வேண்டியதில்லையே! முதல் சுற்றில் முதல் எழுத்து மட்டும் ஒளிர்கிறது. அது அணைந்த பிறகு இரண்டாவது ஒளிர்கிறது. இடத்தால் பிரிக்க முடியாததைக் காலத்தால் பிரிக்கிறார்கள். ஒரு கூட்டமே சேர்ந்து கூவினால் யார் குரல் எது என்று தெரியாது. ஒருவர் பின் ஒருவராகப் பெயர் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டும் வருகைப் பதிவு எடுக்கலாமல்லவா? ஓர் இழையின் ஒளி மிகவும் சொற்பமாகையால், கண்ணாடித் தகட்டின் மேல் ஒவ்வோர் இழையையும் சுமார் ஆயிரம் பிரதிகளாகப் பெருக்கிச் சிறு கொத்தாக வைக்கிறார்கள். அப்படிப்பட்ட கோடிக்கணக்கான கொத்துக்கள் ஒரே தகட்டில் ஏககாலத்தில் தங்கள் வருகையைச் சொல்லும்.

2008-ல் இம்முறையால் நைஜீரியாவின் யொரூபா இனத்தைச் சேர்ந்த ஒருவருடைய முழு எழுத்து வரிசையையும் படித்து வெளியிட்டார்கள். 2020 ஜனவரியில் கொரோனா வைரஸின் சுமார் 30,000 எழுத்துக்களும் உலகத்துக்குத் தெரிய வந்ததற்கு இதே குறியிடும் முறை கைகொடுத்தது.

பாலசுப்பிரமணியன் 1966-ல் சென்னையில் பிறந்தவர். இதைச் சொல்லி மார்தட்டிக்கொள்ள நமக்கு ஆசைதான். ஆனால் மறு வருஷமே அவர் பெற்றோருடன் இங்கிலாந்து போய்விட்டார். படித்ததும் வளர்ந்ததும் அங்கேதான். பிறந்த ஊர் என்ற பெருமை நம்முடையது; கேள்வி கேட்கவும் செய்து பார்க்கவும் இடம் கொடுத்த பெருமை அந்த ஆய்வுச்சாலைகளுடையது. நம் பள்ளிக்கூடங்களில் ரசாயன அலமாரியின் பூட்டு எத்தனை நாள் திறக்கப்படுகிறது என்று ஒரு கணக்கு எடுத்துவிட்டு அப்புறம் மார்தட்டிக்கொள்ளலாம்.

இனி, அந்தத் தகப்பனாரின் கேள்வி. நம்பலாமா?

யந்திரம் தவறே செய்யாது என்று சொன்னால் நான் இரண்டாம் முறை பொய் சொன்னவனாவேன். சாயத்தை அறுத்த பிறகும் காம்பின் அடித்துண்டு ஒரு தழும்பாக எழுத்தில் தங்கிவிடுகிறது. கொத்தில் உள்ள ஆயிரம் பிரதிகளில் சில ஒரு சுற்றுப் பின்தங்கும், சில முந்திவிடும். சுற்றுக்கள் ஏற ஏற நிறம் கலங்கும். அதனால் இழைகளைச் சிறு துண்டுகளாக்கி, ஒரு புறத்திலிருந்து 150 முதல் 300 எழுத்து வரையில்தான் படிக்கிறார்கள். ஆயிரம் எழுத்துக்கு ஒன்று தவறுவது சகஜம். ஓர் எழுத்துத் தவறினால் என்ன என்று இருந்துவிட முடியாது. இரத்தச் சிவப்பணுவை அரிவாள்போல் வளைக்கும் நோய்க்குக் காரணம் அடினைன் இருக்க வேண்டிய ஓரிடத்தில் தைமின் இருப்பதுதான்.

ஆகவே ஒரே இடத்தை ஒரே தடவை படித்து யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. மனிதனுடைய முழுக் கோவையைப் படிக்கும்போது ஒவ்வோர் இடத்தையும் வெவ்வேறு துண்டுகளில் சராசரி முப்பது தடவையாவது படிப்பது வழக்கம். ஒரு சாட்சி தடுமாறலாம். தனித்தனியே விசாரித்த முப்பது சாட்சிகளும் ஒரே பொய்யைச் சொல்வது அரிது. அதோடும் விடாமல், முக்கியமான மாற்றம் என்றால் ஸாங்கரின் பழைய முறையால், இப்போது நிறச் சாயத்தோடு, அந்த இடத்தை மட்டும் மறுபடி படித்து ஒத்துப்பார்ப்பதும் உண்டு. முறை வேறு, யந்திரம் வேறு. விடை ஒன்றானால் சந்தேகத்துக்கு இடம் மிகக் குறைவு.

படித்துக்கொண்டு போகையில் என் மனத்தை மிகவும் கவர்ந்த செய்தி வேறொன்று. ரசாயனிகள் இவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடித்தார்களே, அந்த ஐந்தாவது மூலை, அது இயற்கைக்கு முன்பே தெரிந்த இடம்! தைமினின் ஐந்தாவது மூலையில் மீதைல் என்னும் சிறு முடிச்சு எப்போதும் இருக்கிறது. நம் உயிரணுக்களும், எந்த ஜீன் பேச வேண்டும், எது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று அடையாளம் வைக்க, சைட்டோசினின் அதே ஐந்தாவது மூலையில்தான் மீதைல் முடிச்சைப் போடுகின்றன. எழுத்தை மாற்றாமல், ஜோடியைக் கலைக்காமல் குறி இட அதுவே தக்க இடம் என்று மனிதன் 1981-ல் கற்றுக்கொண்ட பாடத்தை உயிரணு எத்தனையோ யுகங்களாக ஓதிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் வகுப்பில் வேஷ்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். “நேற்று நான் சொன்னது தவறு” என்று தொடங்கி, குறியின் கதையைச் சொன்னேன். உபாத்தியாயர் தவறு என்று ஒப்புக்கொண்டால் மதிப்புப் போய்விடும் என்று நினைக்கிறவர்கள் அன்று என் வகுப்பில் இருந்திருக்க வேண்டும். அத்தனை கவனமாக அந்தப் பிள்ளைகள் ஒரு நாளும் பாடம் கேட்டதில்லை.

அந்த வாரக் கடைசியில் மாணவியின் தகப்பனார் காகிதத்தோடு வந்தார். இருவருமாக உட்கார்ந்து படித்தோம். குறிப்பிட்ட இடம் எத்தனை தடவை படிக்கப்பட்டது என்ற எண் அதிலேயே இருந்தது. ஸாங்கர் முறையால் சரிபார்த்ததாகவும் கண்டிருந்தது. எழுத்துக்களைப் பிரதி எடுக்கும்போது எல்லா மனிதர்களிடமும் சில எழுத்துக்கள் புதிதாக மாறுவது இயல்பு என்றும், அது எந்த இடத்தில் விழுகிறது என்பதே அதிர்ஷ்டம் என்றும், கிரகணத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றும் சொன்னேன். வைத்தியம் என்ன என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும் என்பதையும் சொன்னேன்.

அவர் வெகுநேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதித் தர முடியுமா, ஸார்? வீட்டில் பெரியவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும்” என்றார்.

எழுதிக் கொடுத்தேன். அந்த ஒரு பக்கம்தான் வளர்ந்து இந்த வாரக் கட்டுரையாயிற்று. இதைப் படிக்கும் வீடுகளிலும் அப்படி ஒரு தாயார் இருக்கக்கூடும். இருந்தால், வாசகர்கள் இதை உரக்கப் படிக்க வேண்டுகிறேன்.